ஒரு நாளைக்கு மூன்று பஸ் நீளம்

எங்களை லாரியில் அள்ளிக்கொண்டுபோய்ச் செம்மண்பாக்கத்தில் இறக்கிவிட்ட இருபத்து மூன்றாம் நாள், எங்கள் கன்னியம்மா ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி எங்களைத் தேடி நடக்க ஆரம்பித்தாள். முழங்கால் உயரக் கல்தான் அவள். மஞ்சள் துணியும் பித்தளை மூக்குத்தியும் வெள்ளிக் கண்மலர் இரண்டும் உண்டு. அதில் இடது கண் ஒரு விரல்கடை கீழே இறங்கி இருக்கும், ஒட்டியவன் அன்றைக்கு நல்ல போதையில் இருந்தான். ஒரு நாளைக்கு மூன்று பஸ் நீளம் நடந்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடக்கிறதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சாயங்காலம் ஓர் இடத்தில் இருப்பாள், காலையில் மூன்று பஸ் நீளம் தள்ளி இருப்பாள், அவ்வளவுதான். ஆற்றங்கரையிலிருந்து செம்மண்பாக்கம் தெற்கே இருபத்தாறு கிலோமீட்டர். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள், மற்றவர்கள் சரி, ஆகட்டும் என்றார்கள்.

நாங்கள் அறுபத்திரண்டு வீடு. கரைமேடு என்று பெயர். பட்டணத்துச் சாக்கடை எல்லாம் வந்து விழுகிற ஆற்றின் ஓரத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, பட்டணத்தின் வீடுகளைப் பெருக்கி, பட்டணத்தின் சுவர்களுக்கு வெள்ளையடித்து, பட்டணத்தின் எச்சில் தட்டுகளைக் கழுவி வாழ்ந்துகொண்டிருந்த எங்களுக்கு, ஒரு நாள் ‘ஆக்கிரமிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் கதவுகளில் சிவப்பு மையில் எண் எழுதினார்கள். நாற்பத்தைந்தாம் எண் என் வீடு, நாற்பத்தாறு பவுனம்மா வீடு.

பவுனம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறவள். புருஷன் இல்லை, அமுலு என்று ஒரே பெண். ஆடி மாதத்தில் பம்பை அடித்தால் கன்னியம்மா பவுனம்மா மேல்தான் இறங்குவாள், வாக்கு சொல்லுவாள், சொன்னது பலிக்கும். ஆனால் என்ன சொன்னோம் என்பது பவுனம்மாவுக்குத் தெரியாது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சாமியை மலையேற்றியதும், “இன்னாடி சொன்னேன்?” என்று எங்களைத்தான் கேட்பாள்.

இடிக்கிற இயந்திரம் வந்த அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அதன் முன்னால் குறுக்கே உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம், மண்டை உடைந்தாலும் சரி. போலீஸ் வளைத்து நின்றது. அப்போது பம்பையும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் கன்னியம்மா பவுனம்மா மேல் இறங்கினாள். தலைமுடி அவிழ்ந்து, கண் சிவந்து, குரல் மாறி அவள் சொன்ன வார்த்தை அறுபத்திரண்டு வீட்டுக்கும் மனப்பாடம்:

“ஏறுங்கடி லாரியில. ஒங்களை எங்க கொண்டுபோய்க் கொட்டினாலும் அங்க நான் வருவேன். நடந்தே வருவேன். ஒங்க பேரை எவனும் எடுத்துக்க முடியாது, அதுக்கு நான் பொறுப்பு.”

சாமி வாக்கு. ஏறிவிட்டோம். மத்தியானத்துக்குள் ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

செம்மண்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நின்றன, எங்களுக்கு எஃப் பிளாக். லிஃப்ட் என்று ஒரு கதவு இருந்தது, அது திறந்ததில்லை. தண்ணீர் மூன்றாம் மாடி வரைக்கும் ஏறும், அதற்கு மேல் நாங்கள்தான் ஏற்ற வேண்டும். பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. அமுலு துணிக்கடையில் நான்கு வருஷமாக வேலை பார்த்தவள், புது விலாசத்தைக் கேட்டதும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். எங்கள் பையன்களை மாதம் ஒரு முறை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் விரல் ரேகை எடுத்துக்கொண்டு விட்டார்கள். பட்டணத்தில் யார் கேட்டாலும் நாங்கள் எந்த இடம் என்று சொல்லாமல் பேச்சை மாற்றக் கற்றுக்கொண்டோம். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, கன்னியம்மா வரவில்லை. வயிறு எரிகிறவர்களுக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டும். எங்களுக்குப் பவுனம்மா கிடைத்தாள்.

அதிகாரிகளிடம் காசு வாங்கிக்கொண்டு ஆடியிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. கிளம்பியது என்ன கிளம்பியது, நான்தான் கிளப்பினேன். தண்ணீர்க் குடத்தோடு ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது வாயில் வந்தது, சொன்னேன். மறுநாள் எட்டு மாடியும் அதையே சொன்னது. ஏழாம் மாடியில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவளுடையது, கதவைத் திறந்தால் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நான் விழிக்கவில்லை. அவள் தொட்ட குடத்தை யாரும் தொடவில்லை. கடைசியில் பெற்ற பெண் அமுலுவே கேட்டாள், அது எங்கள் வீடு வரைக்கும் காதில் விழுந்தது.

“யம்மா, நெசத்தைச் சொல்லு. வாங்கினியா?”

பவுனம்மா சொன்னாள்: “நான் இன்னா சொன்னேன்னே எனக்குத் தெரியாதுடி. காசு வாங்கல. அது தெரியும். ஆனா பேசினது அவளா, என் பயமா, அது எனக்குத் தெரியல.”

அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் அவளைத் தின்றது. அன்றிலிருந்து அம்மாவும் பெண்ணும் ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள்.

இருபத்தேழாம் நாள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தயாளன் வந்து வண்டியைக்கூட அணைக்காமல், “கன்னிம்மா பாலத்தாண்ட நிக்குது” என்றான். நாங்கள் அவன் வாயை முகர்ந்து பார்த்தோம். அவன் குடிக்கவில்லை. இரண்டு ஆட்டோ நிறையப் போய்ப் பார்த்தோம். நடைபாதையில், செருப்புத் தைக்கிறவர் கடைக்கும் மின்சாரப் பெட்டிக்கும் நடுவில், இறங்கிய இடது கண்ணோடு அவளேதான் நின்றாள். தெற்கே பார்த்து நின்றாள். செருப்புத் தைக்கிறவர் தன் சாக்குப்பையை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, “காலைல வந்தாங்க, நாளைக்குப் போய்டுவாங்க போலக்கீது” என்றார்.

சாலை அவளுக்குச் சீக்கிரம் பழகிக்கொண்டது. துப்புரவுத் தொழிலாளிகள் அவளைச் சுற்றிப் பெருக்கினார்கள். டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒருவர் சிக்னல் நடுவில் அவள் நின்ற அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் கூம்பை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, வண்டிகளை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பினார். பெட்ரோல் பங்கில் ஒரு நாள் டீசல் பம்ப்பை மறைத்து நின்றாள். அன்றைக்கு டீசல் இல்லை என்று பலகை வைத்தார்கள். கண்ணாடிக் கட்டடக் கம்பெனி வாசலில் நின்றபோது அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் இறங்கி வந்து காலணியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள், வாசல் காவலாளி தன் குடையை அவளுக்குப் பிடித்துவிட்டு வெயிலில் நின்றார். டீக்கடைக்காரர்கள் நூலும் சாக்பீஸுமாக அளந்து, எந்த மாதம் எந்தத் தேதி தங்கள் கடைக்கு வருவாள் என்று சுவரில் எழுதிவைத்து, அந்தத் தேதிக்குச் சொந்தக்காரர்களை அழைத்தார்கள். இரண்டு வீட்டில் அதை வைத்துக் காதுகுத்தே நடந்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஓர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் கொண்டுவந்து அவள் மேலேயே ஒட்டினார்கள். மறுநாள் நோட்டீஸ் அதே இடத்தில் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே விழுந்தது, அவள் மூன்று பஸ் நீளம் போயிருந்தாள்.

எங்கள் சங்கத் தலைவன் கஜபதிக்கு மட்டும் பொறுமை இல்லை. நல்லவன்தான், ஆனால் எதையும் தானே முடித்துவைத்து மாலை வாங்க வேண்டும் அவனுக்கு. பிளாக்குக்கு முன்னால் டைல்ஸ் ஒட்டி ஒரு கோயில் கட்டி வைத்துவிட்டு, குட்டி யானை என்கிற சின்ன லாரியோடு போய், நான்கு பேராக அவளைத் தூக்கி ஏற்றி, தாரை தப்பட்டையோடு கொண்டுவந்து இறக்கினான். பூப்போல வந்தாள் என்றான். மறுநாள் காலையில் டைல்ஸ் கோயில் காலி. அவள் அவர்கள் தூக்கிய அதே இடத்தில், பஸ் நிறுத்தத்துக்கு அருகில், தெற்கே பார்த்து நின்றாள்.

இதைக் கேட்டு, முதல் தடவையாகப் பவுனம்மா கதவுக்கு உள்ளிருந்து சத்தமாகப் பேசினாள். “நம்மள ஏத்தின மாதிரி அவளையும் ஏத்தப் பாத்தியா? நடந்து வரேன்னா நடந்துதான் வருவா. நீ யாரு வண்டி வெக்க?”

ஆனால் அவள் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட. மண்டபத்து வேலைக்கு அதே சாலையில்தான் போய்வந்தாள். கன்னியம்மா நிற்கிற இடம் வந்தால் பஸ்ஸில் தலையைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்ப்பாள். கேட்டால், “வரட்டும், வந்தப்புறம் பேசிக்கிறேன்” என்பாள். நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வராததால் முருங்கைக்காயும் பூசணிப் பத்தையும் அவள் வாசலில் வைத்துவிட்டு ஓடினோம். அவள் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒரு நாள் கருவாடு வைத்தேன். அதை மட்டும் அவள் எடுக்கவில்லை, பூனை எடுத்தது.

இதற்கிடையில் எங்களுக்கு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. சாலை முழுக்க ஜனங்கள், “ஆத்தா யாரைத் தேடிப் போகுது?” என்று கேட்டார்கள், தெரிந்தவர்கள், “செம்மண்பாக்கத்துல எஃப் பிளாக் ஜனங்க கீறாங்களே, அவங்களை” என்றார்கள். கண்டக்டர்கள் எங்களைப் பார்த்ததும், “நீங்கதானா அது?” என்று எழுந்து நின்றார்கள். நீங்கதானா அது! பிறந்ததிலிருந்து எங்களை யாரும் அந்தத் தொனியில் கேட்டதில்லை. அமுலு ஒரு மருந்துக்கடையில் வேலை கேட்டுப் போனாள். விலாசம் கேட்டார்கள். அவள் தலையை நிமிர்த்தி, “கன்னியம்மா நடந்து வந்துக்கினு கீற வூடு. முடியும்னா வேலை குடுங்க, இல்லன்னா வுடுங்க” என்றாள். கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, “யம்மா, பசிக்குது” என்றாள். எதிர்வீட்டில் நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

இரண்டாவது ஆடி மாதம் கன்னியம்மா வந்து சேர்ந்தாள். எங்கள் வெளிவாசலுக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம் நின்றாள். நாளைக்கு உள்ளே என்று தோரணம் கட்டினோம். மறுநாள் அங்கேயே நின்றாள். அதற்கு மறுநாளும் அங்கேயே. ஒன்பது நாள். கூழ் காய்ச்சினோம், பம்பை அடித்தோம், கற்பூரம் ஏற்றினோம், அவள் அசையவில்லை. நடப்பதற்கு மட்டும்தான் வாக்குக் கொடுத்தாளா, வந்து இருப்பதற்கு இல்லையா என்று சிலர் ஆரம்பித்தார்கள். பவுனம்மா செய்த பாவம்தான் தடுக்கிறது என்று கஜபதி ஆரம்பித்தான். எனக்கும் நாக்கு அரித்தது, கடித்துக்கொண்டேன்.

அமுலுதான் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று கேட்டாள்: “வாசல்ல ஒருத்தர் வந்து நின்னா வான்னு சொல்லமாட்டீங்களா? ஒருத்தராச்சும் சொன்னீங்களா?”

யோசித்துப் பார்த்தோம். இரண்டு வருஷமாகக் கன்னியம்மாவிடம் வேலை கேட்டோம், தண்ணீர் கேட்டோம், கல்யாணம் கேட்டோம். லாரி ஏறிய அன்றைக்கு ஒருத்தரும் அவளிடம் போய்வருகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை, வந்து நிற்கிறவளை ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை. சாமியை அழைக்கிறது அது யார் மேல் இறங்குமோ அவர்கள் செய்ய வேண்டியது. எல்லோரும் ஏழாம் மாடிக்கு ஏறினோம். கஜபதி முன்னால் நின்று, “பவுனக்கா, நீ வந்து கூப்ட்டாத்தான் ஆவும்” என்றான்.

பவுனம்மா கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். “கூப்புடுறேன். மொதல்ல எல்லாரும் சொல்லுங்க. நான் காசு வாங்கினேனா?”

படிக்கட்டு முழுக்க ஜனம், மூச்சுச் சத்தம் மட்டும்தான். என்னால் தாங்க முடியவில்லை. “இல்ல பவுனு. நான்தான் கட்டிவுட்டேன். இல்ல” என்றேன். பிறகு எனக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக “இல்ல”, “இல்ல” என்று கீழே இறங்கிப்போனது அந்தச் சொல். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

உச்சி வெயில். தார் உருகிக் காலில் ஒட்டியது. பூசை இல்லை, பம்பை இல்லை. பாத்திரம் கழுவப் போகிற அதே புடவையில் கல்லுக்கு முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

“வந்துட்டியா? ரெண்டு வருஷம்! என் வாயில பூந்து ஒரு வார்த்தையைச் சொல்ட்டு, நீ பாட்டுக்கு ஒய்யாரமா நடந்து வந்துக்கினு இருந்த. ஊரெல்லாம் ஒனக்குக் கொடை புடிச்சான். என்னை எவன் பாத்தான்? பெத்த பொண்ணு என்னைப் பாத்து வாங்கினியான்னு கேட்டா, தெரியுமா ஒனக்கு? ஓடி வந்திருக்கக் கூடாது நீ? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு பஸ் நீளம் நடந்திருக்கக் கூடாது?” துடைத்துக்கொள்ளாமல் அழுதாள். “இப்ப மட்டும் இன்னா வெக்கம்? இன்னாத்துக்கு வெய்யில்ல நிக்கிற? வா. வந்து தொலை!”

திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சாலையின் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. டைல்ஸ் கோயில் காலியாக இருந்தது. நான் கதவைத் திறந்தேன். நூற்றிருபத்தாறு படி ஏறி வந்து, பவுனம்மா வீட்டு வாசலில், வீட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள் கன்னியம்மா. கால் இல்லாத கல்லுக்கு ஏறுவதற்கு நேரம் ஆகியிருக்கும் போல, மஞ்சள் துணி வேர்வையில் நனைந்திருந்தது.

பத்து மணிக்குள் குடிசை மாற்று வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். படியேறி வந்ததில் அவருக்கு வாய் பேச வரவில்லை. தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு ஃபைலைத் திறந்து, பொதுவழியில் எதுவும் வைக்கக் கூடாது, மூன்று நாளில் அகற்ற வேண்டும், இல்லையென்றால் பிளாக் முழுக்க நடவடிக்கை என்று படித்தார். கஜபதி பம்பைக்காரரிடம் கண்ணைக் காட்டினான். கன்னியம்மா பவுனம்மா மேல் இறங்கி நாலு வார்த்தை சொன்னால் அந்த ஆள் ஃபைலைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார் என்பது அவன் திட்டம், எங்கள் எல்லோருடைய ஆசையும் அதுதான். பம்பை அதிர ஆரம்பித்தது. பவுனம்மா தோள் ஒரு தடவை குலுங்கியது. பிறகு அவள் கையைத் தூக்கினாள்.

“நிறுத்துண்ணா.”

பம்பை நின்றது.

“அவ சொன்னா, சொன்ன மாதிரி செஞ்சுட்டா. இருபத்தாறு கிலோமீட்டர் நடந்து வந்தவளை இன்னும் எத்தினி வாட்டி எழுப்பிப் பேச வெப்பீங்க? அவ ஒக்காரட்டும். நான் பேசுறேன்.”

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாரும்மா?”

“பவுனம்மா. அவ வாக்குக் குடுத்தது என் வாயாலதான். எழுதிக்கோங்க சார். இந்தக் கல்லை எடுக்க முடியாது. ஏழாவது மாடிக்குத் தண்ணி வரணும். லிஃப்டு ஓடணும். காலைல அர மணிக்கு ஒரு பஸ்ஸு. எங்க பசங்க வெரலை இனிமே எவனும் மையில அழுத்தக் கூடாது.”

“யார் சார்பா எழுதணும்?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ‘எஃப் பிளாக் குடியிருப்போர்’ என்று எழுதினார். பவுனம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அமுலுவைப் பார்த்தாள், அமுலு படித்துச் சொன்னாள்.

“அதை அடிங்க சார்.”

“ஏம்மா, எல்லாரையும் சேர்த்துத்தானே எழுதியிருக்கேன்.”

“அடிங்க. பேரு சொல்றேன். ஒவ்வொண்ணா எழுதுங்க.”

அவர் எங்களைப் பார்த்தார். மேலே எட்டாம் மாடி வரைக்கும், கீழே தரை வரைக்கும் படிக்கட்டில் ஜனம் அடைத்துக்கொண்டு நின்றது, அவர் இறங்க வழியில்லை. அடித்தார். பேனாவைத் திரும்பத் திறந்தார்.

கன்னியம்மாவுக்குப் பக்கத்தில், தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு பவுனம்மா சொல்ல ஆரம்பித்தாள். முனியம்மா, அவ புருஷன் ஏகாம்பரம், பிள்ளைங்க ரெண்டு. தயாளன், அவன் ஆயா, அவன் பொண்டாட்டி புஷ்பா. கஜபதி, அவன் அம்மா குப்பு. செத்துப்போனவர்களின் பெயரையும் சொன்னாள், அதையும் எழுதச் சொன்னாள். பெயர் வந்தவர்கள் வந்த இடத்திலேயே “இருக்கேன்” என்றார்கள், யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நான் என் வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரைமேட்டில் வீடு இருந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள், அதனால் என் முறை எப்போது வரும் என்று எனக்குத் தெரிந்தது. அவள் என்னைத் தாண்டிப் போய்விடுவாள் என்றும் தெரிந்தது, போனால் நான் வாய் திறக்கக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டேன். நாற்பத்து மூன்று சொன்னாள். நாற்பத்து நான்கு சொன்னாள். பிறகு நிறுத்தி, தலையைத் தூக்கி, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“சம்பூர்ணம்” என்றாள் அதிகாரியிடம். “எதிர்வூடு. எழுதிக்கோங்க.”